மூன்று வருடக் கமிட்டி, முப்பது வருடத் திட்டம்: எப்படிச் சேர்ப்பது?

கேள்வி: புதுச்செயலர்

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். தென்மாவட்டத்தில் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சேகரத்தில், அதாவது ஒரு குருவானவரின் பொறுப்பிலுள்ள சபையில், போன எலெக்ஷனில் செயலராக வந்திருக்கிறேன். ஊர் பெயர் வேண்டாம், எங்கள் ஊர்க்காரர்கள் பாதிப் பேர் இந்தக் குழுவில்தான் இருக்கிறார்கள்.

வெளிநாட்டில் இருக்கும் ஒரு குடும்பம் அப்பா நினைவாக ஒரு நல்ல தொகை கொடுத்திருக்கிறது. ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்தில் வந்தது, அசனத்தில் (சபை விருந்தில்) மிஞ்சியது எல்லாம் சேர்த்தால் கிட்டத்தட்ட 18 லட்சம் கையில் இருக்கிறது. இல்லாதபோது எல்லோரும் ஒற்றுமையாக இருந்தோம், வந்த பிறகுதான் சண்டை.

கமிட்டியில் பெரும்பாலானவர்கள் அடுத்த பிரதிஷ்டைப் பண்டிகைக்குள் கோவிலுக்கு ஏசி, தரைக்கு கிரானைட், முன்னால் ஒரு போர்ட்டிகோ என்கிறார்கள். "நாங்கள் இருந்தபோது என்ன செய்தோம் என்று காட்ட வேண்டாமா?" இதை வெளிப்படையாகவே கேட்கிறார்கள். ஐயரவர்களுக்கு (எங்கள் குருவானவருக்கு) வேறு ஒரு தரிசனம் இருக்கிறது. 2040 என்று போட்டு ஃப்ளெக்ஸே அடித்துவிட்டார்: மாணவர் விடுதி, முதியோர் இல்லம், புது மிஷன் தளம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவருக்கே அடுத்த வருடம் டிரான்ஸ்ஃபர் என்று பேச்சு.

எனக்கு இருப்பது சின்ன ஆசை. கோவில் காம்பவுண்டுக்குள் பழைய ஆரம்பப் பள்ளிக் கட்டடம் ஒன்று ஓடு சரிந்து கிடக்கிறது. அதைச் சரிசெய்து மாலையில் பிள்ளைகள் படிக்க ஓர் இடம், வாலிபர்களுக்கென்று சம்பளம் கொடுத்து ஓர் ஊழியர். எங்கள் ஞாயிறு பள்ளியில் பாதி பெஞ்ச் காலி. வாலிபர்கள் எல்லாம் சென்னை, பெங்களூர், ஓசூர். கிறிஸ்துமஸுக்கு வந்து செல்ஃபி எடுத்துவிட்டுப் போகிறார்கள். ஆனால் இதன் பலன் தெரியப் பத்து வருடம் ஆகும், எங்கள் கமிட்டியின் ஆயுள் மூன்று வருடம். அடுத்து வருகிறவர்கள் ஒரே தீர்மானத்தில் மூடிவிடலாம்.

உடனடித் தேவை, நெடுங்காலத் தரிசனம் இரண்டையும் சபைத் தலைமையில் எப்படித்தான் சேர்த்து ஓட்டுவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில்: விசுவாசி ராஜ்

ஏசியே போடுங்கள் பிரதர். திறப்பு விழாக் கல்வெட்டில் உங்கள் பெயர், கரண்ட் பில்லில் அடுத்த கமிட்டி பெயர். நம் பக்கம் நெடுங்காலத் திட்டம் என்றால் அதுதானே.

பதில்: பழைய வாத்தியார்

தம்பி, மேலே ராஜ் சொன்னது கிண்டல் என்றாலும் தப்பில்லை. நான் மிஷன் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன், சேகர கமிட்டியிலும் பல தடவை உட்கார்ந்து எழுந்தவன். கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தரிசனம் என்று பேச்சு வந்தால் நம் ஆட்கள் உடனே நெகேமியாவுக்குப் போவார்கள். 52 நாளில் எருசலேமின் அலங்கத்தை, அதாவது மதிலை, கட்டி முடித்தான், அவனவன் தன் வீட்டுக்கு எதிரே கட்டினான், ஆகவே பிரியமானவர்களே, கட்டட நிதிக்குத் தாராளமாகக் கொடுங்கள். பிரசங்கம் அங்கேயே முடிந்துவிடும். 13-ஆம் அதிகாரம் வரை யாரும் போவதில்லை. நெகேமியா ராஜாவிடம் போய்விட்டுத் திரும்பி வரும்போது என்ன கதி? அவனை எதிர்த்த தொபியாவுக்கே ஆலயப் பிராகாரத்தில் ஒரு பெரிய அறை ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஆலய வேலை செய்த லேவியருக்குப் படி கொடுக்காமல் அவர்கள் அவரவர் வயலைப் பார்க்கப் போய்விட்டார்கள். ஓய்வுநாளில் சந்தை நடக்கிறது. அலங்கம் மட்டும் அப்படியே நிற்கிறது! தலைவர் ஊரில் இல்லாதபோது எது நிற்கிறது, எது சரிகிறது என்று பார்க்க வேதாகமத்தில் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. திரும்பி வந்தவன் தொபியாவின் தட்டுமுட்டுகளை வெளியே எறிந்ததோடு விடவில்லை. பொக்கிஷ அறைகளுக்கு ஓர் ஆசாரியன், ஒரு வேதபாரகன், ஒரு லேவியன், கூட இன்னொருவன் என்று உண்மையுள்ளவர்கள் எனப் பெயரெடுத்த நாலு பேரைப் பார்த்து நியமித்தான். அந்த வசனத்தைத்தான் கமிட்டி அறையில் எழுதி மாட்ட வேண்டும்.

எசேக்கியா ராஜாவையும் பாருங்கள். பாபிலோன் தூதருக்கு வீட்டில் இருந்ததையெல்லாம் திறந்து காட்டினான். இவையெல்லாம் ஒருநாள் வாரிக்கொண்டு போகப்படும், உன் பிள்ளைகளும் போவார்கள் என்று ஏசாயா வந்து சொன்னபோது, என் நாட்களிலாவது சமாதானம் இருக்குமே என்றான். நல்ல ராஜாதான், நகரத்துக்குள் தண்ணீர் கொண்டுவரக் கால்வாய் வெட்டியவனும் அவனே. ஒரே ஆளிடம் இரண்டு பார்வையும் இருக்கும் என்பதற்காகச் சொல்கிறேன். உங்கள் கமிட்டிக்காரர்களை ஒரேயடியாக எதிரிகளாக்கி விடாதீர்கள்.

இனி நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். ஜெர்மன் மிஷனரி ரேனியஸ் ஐயர் 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்தார். அன்று ஒரு குடும்பம் கிறிஸ்தவர்களானால் முதல் அடி வீட்டில்தான் விழும். குடியிருக்கும் இடம் ஜமீனுடையதாகவோ மிராசுதாருடையதாகவோ இருக்கும், காலி பண்ணு என்றால் காலி பண்ண வேண்டியதுதான். இதற்கு அவர் என்ன செய்தார்? 1830-இல் தர்ம சங்கம் என்று ஒன்று தொடங்கினார். விசுவாசிகள் கொடுத்த பணத்தில் நிலம் வாங்கி, துரத்தப்பட்டவர்களைக் குடியேற்றி, அங்கேயே ஒரு ஜெபவீடும் பள்ளியும். இதை உடனடி வேலை என்பீர்களா, நெடுங்காலத் தரிசனம் என்பீர்களா? இன்று இரவு படுக்க இடம் வேண்டும் என்ற அவசரத்தில் பிறந்தது அது. ஆனால் கிரயப் பத்திரம் இருந்ததால் அவசரம் தீர்ந்த பிறகும் ஊர் நின்றது. 1835-இல் சி.எம்.எஸ். என்ற மிஷனரி சங்கம் அவரை வேலையிலிருந்தே நீக்கியது, 1838-இல் இறந்தும் போனார். ஊர்கள் எங்கும் போய்விடவில்லை. நம்மில் பல பேருடைய கொள்ளுத்தாத்தா அந்த மாதிரி ஊரில் பிறந்தவர்தான்.

என் கருத்து இதுதான்: குறுகிய காலம், நீண்ட காலம் என்று இரண்டு பட்டியல் போட்டால் சண்டைதான் மிஞ்சும். இன்றைக்குச் செய்கிற வேலையையே ஆள் மாறினாலும் நிற்கிற மாதிரி செய்ய வேண்டும். பத்திரமாக, விதியாக, பழக்கமாக, பயிற்சி பெற்ற ஆளாக ஏதோ ஒன்றாக அது மாறியிருக்க வேண்டும். ஃப்ளெக்ஸ் இந்தக் கணக்கில் சேராது. மழைக்குத் தாங்காது.

அசரியா பேராயரைச் சொல்லாமல் முடிக்க மனமில்லை. வெள்ளாளன்விளையில் ஒரு கிராமக் குருவானவரின் மகன். 1902-இல் யாழ்ப்பாணம் போனபோது அங்குள்ள தமிழ்ச் சபையார் தாங்களே பணம் போட்டு மிஷனரிகளை அனுப்புவதைப் பார்த்தார். மறுவருடமே, 1903 பிப்ரவரியில், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கிவிட்டது. நம் ஆள், நம் பணம், நம் நிர்வாகம். அந்தச் சங்கத்தின் மிஷன் தளமான, தெலுங்கு நாட்டிலுள்ள தோர்ணக்கல்லுக்கு 1909-இல் அவரே போனார். 1912-இல் அங்கே பேராயர், ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர். அங்கே அவர் நாள் முழுக்கச் செய்ததெல்லாம் சின்னச் சின்ன வேலைகள். கிராமத்து உபதேசியார்களை (சபை ஊழியர்களை) பயிற்றுவிப்பது, அவர்கள் மனைவிமாரையும் கூடவே படிக்கவைப்பது, கூலிக்காரக் குடும்பம்கூடத் தன்னால் முடிந்ததைக் கொடுக்கப் பழக்குவது. இதற்கு நடுவில்தான் 1919-இல் தரங்கம்பாடியில் கூடிய குருமார்களோடு உட்கார்ந்து, தென்னிந்தியத் திருச்சபைகள் ஒன்றாக வேண்டும் என்ற அறிக்கையில் முன்னால் நின்றார். அது நிறைவேறியது 1947 செப்டம்பர் 27-இல். அவர் 1945 ஜனவரி 1-ஆம் தேதியே இறந்துவிட்டார். கடைசிப் படியை அவர் பார்க்கவில்லை. நடுவிலிருந்த வருடங்களில் எத்தனை கமிட்டி, எத்தனை தர்க்கம், எத்தனை திருத்தம்! யோசித்தால் நம் சேகர கமிட்டி மேல் கொஞ்சம் பொறுமை வருகிறது.

தாவீதுகூட ஆலயம் கட்டவில்லை. ஆனால் வாசற்கதவு ஆணிக்கு வேண்டிய இரும்பு வரை சேர்த்து வைத்துவிட்டுப் போனான், 1 நாளாகமம் 22. நீங்கள் ஆணிக்கு இரும்பு சேர்க்கிற ஆளாக இருங்கள் தம்பி.

ஏசி பற்றி எனக்கு ஒரு கருத்தும் இல்லை. மே மாதம் பத்தரை மணி ஆராதனையில் வயதானவர்கள் மயங்கி விழுவதையும் பார்த்திருக்கிறேன்.

பதில்: வேலூர் ஸ்டெல்லா

வாத்தியார் ஐயா, நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு இடத்தில் மட்டும் மறுக்கிறேன். "பேராயர் பார்க்கவில்லை, தாவீது கட்டவில்லை" என்று சொல்லும்போது கேட்கிறவர்களுக்கு ஒரு சாக்கு கிடைத்துவிடுகிறது. எங்கள் சபையில் ஒரு விதவை அம்மா வீடு ஒழுகுகிறது என்று கமிட்டிக்கு மனு கொடுத்தார்கள். அப்போது இருந்த தலைவர், முதியோர் இல்லம் வரப்போகிறதே, அதில் முதல் இடம் உங்களுக்குத்தான் என்றார். இல்லம் வரவேயில்லை. அந்த அம்மா அடுத்த மழைக்கு மகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். பெரிய தரிசனம் உள்ள தலைவர்களிடம் எனக்கு இருக்கும் பயமே இதுதான், எதிரே நிற்கிற ஆள் அவர்கள் கண்ணில் படுவதில்லை.

நான் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் நர்சாக இருந்தவள், அதைத் தொடங்கியவரின் கதையைச் சொல்கிறேன். ஐடா ஸ்கடர் அம்மா டாக்டராக வேண்டும் என்றே நினைத்தவர் இல்லை. திண்டிவனத்தில் அப்பாவோடு இருந்தபோது ஒரே இரவில் மூன்று வீட்டார் வந்து பிரசவத்துக்குப் பெண் வைத்தியர் கேட்டார்கள். ஆண் டாக்டரை உள்ளே விட மாட்டார்கள். அவர் அப்பா டாக்டர் இருந்தும் பயனில்லை, மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அமெரிக்கா போய்ப் படித்துத் திரும்பி, 1900-இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கினார். 1902-இல் 40 படுக்கை மருத்துவமனை. தான் ஒருத்தி எத்தனை பிரசவம் பார்த்தாலும் போதாது என்று தெரிந்ததால் 1909-இல் நர்சுகளுக்குப் பள்ளி, 1918-இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. வரிசையைக் கவனியுங்கள். ஒவ்வொரு பெரிய படியும் அன்றன்று வாசலில் வந்து நின்ற கூட்டத்தைப் பார்த்து எடுத்ததுதான். முதலில் ஃப்ளெக்ஸ், பிறகு கூட்டம் என்று அங்கே நடக்கவில்லை.

இன்னொன்று, தரிசனத்தைத் திருத்திக்கொள்ளவும் தெரிய வேண்டும். 1940 வாக்கில் அரசாங்கம் பழைய டிப்ளமா போதாது, பல்கலைக்கழகப் பட்டப் படிப்பு வேண்டும் என்றது. அதற்கான பணமும் ஆட்களும் பெண்கள் கல்லூரியாக மட்டும் இருந்தால் கிடைக்காது என்ற நிலை. ஆண்களையும் சேர்ப்பதா என்று பெரிய சண்டை. அமெரிக்காவில் பல வருடம் அவருக்காகப் பணம் திரட்டிய லூசி பீபாடி அம்மாவே கடுமையாக எதிர்த்தார். ஐடா அம்மா பெண்களுக்கென்றே கட்டியதைத் திறந்துவிடச் சம்மதித்தார். 1947-இல் ஆண் மாணவர்கள் வந்தார்கள். பெண்கள் மட்டும் என்பதில் பிடிவாதமாக நின்றிருந்தால் கல்லூரியே மிஞ்சியிருக்குமா தெரியவில்லை.

அதனால் செயலர் தம்பி, 18 லட்சத்தில் முதலில் ஒழுகுகிற வீடுகள் எத்தனை என்று பெண்கள் ஐக்கியத்திடம் கேளுங்கள். அவர்களிடம் எழுதாத பட்டியல் ஒன்று எப்போதும் இருக்கும். கமிட்டியில் பெண்கள் எத்தனை பேர் என்று நீங்கள் சொல்லவே இல்லையே?

பதில்: பழைய வாத்தியார்

அம்மா சொன்னது சரி, ஏற்றுக்கொள்கிறேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். மிஷனரியும் தமிழறிஞருமான கால்டுவெல் ஐயர் இடையன்குடியில் கோவில் கட்ட ஆரம்பித்தது 1847, பிரதிஷ்டை 1880. நாம் எல்லோரும் அந்தக் கோவிலைத்தான் போய்ப் பார்க்கிறோம். அவர் மனைவி எலைசா அம்மாவின் தாயார் மார்த்தா மால்ட், நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்திப் பின்னல் லேஸ் வேலையும் கற்றுக்கொடுத்தவர். பள்ளி, லேஸ் இரண்டையும் எலைசா அம்மா இடையன்குடிக்குக் கொண்டு வந்தார். கோவில் சுவர் ஏறிக்கொண்டிருந்த அத்தனை வருடமும் பிள்ளைகள் கையில் எழுத்தும், வீட்டுக்குக் கொஞ்சம் காசும் வந்துகொண்டிருந்தது. ஐயருக்குச் சிலை இருக்கிறது. லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்த அம்மாவை எத்தனை பேருக்குத் தெரியும்?

பதில்: கணக்கர்

வரலாறு போதும், நான் நோட்டுப்புத்தகத்துக்கு வருகிறேன். தணிக்கையாளராகப் பல சபைக் கணக்குகள் பார்ப்பவன்.

முதலில் நன்கொடை கொடுத்த குடும்பத்திடம் ஒரு கடிதம் வாங்குங்கள். எந்த நோக்கத்துக்காகக் கொடுத்தோம், அசலைத் தொடலாமா கூடாதா என்று அவர்கள் கையெழுத்தோடு. வருமான வரிச் சட்டத்திலும் மூலநிதி (அசலைத் தொடாமல் வைக்கும் நிதி) நன்கொடை என்று காட்ட வேண்டுமானால் கொடுத்தவரின் குறிப்பான உத்தரவு வேண்டும். வாய்ச்சொல் செல்லாது. அந்தக் கடிதம் ஃபைலில் இருந்தால் அடுத்த கமிட்டி கை வைக்க யோசிக்கும். உங்கள் தீர்மானத்தை அவர்கள் ரத்து செய்யலாம். கொடுத்தவரின் நிபந்தனையை அப்படி ஒரு கூட்டத்தில் மாற்றிவிட முடியாது.

இரண்டாவது, வாலிபர் ஊழியரின் சம்பளம். இதில்தான் நிறையச் சபைகள் விழுகின்றன. முதல் வருடம் கையில் இருக்கிற பணத்திலிருந்து கொடுப்பார்கள், பிறகு கட்டட வேலை வந்தால் நிறுத்திவிடுவார்கள். வைப்பு நிதியின் வட்டி எவ்வளவோ அதற்குள் என்ன முடியும் என்று பாருங்கள். முழுநேர ஆளுக்குப் போதாது என்றால் பகுதிநேர ஆளை வையுங்கள். வட்டியில் ஓடுவதை நிறுத்த யாருக்கும் மனம் வராது. சபையார் கொடுக்கும் சங்கக் காணிக்கையிலிருந்து எடுத்து ஓட்டினால் முதல் வெட்டு அதற்குத்தான்.

பள்ளிக் கட்டடத்தைத் தொடும் முன் அது யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் திருமண்டல (பேராயர் மாவட்ட) டிரஸ்ட் அசோசியேஷன் பெயரில் இருக்கும். அனுமதி இல்லாமல் ஓட்டைப் பிரித்தால் பிறகு தலைவலி. ஏசிக்கு வந்தால், இருக்கிற மின் இணைப்பு அந்த லோடைத் தாங்குமா, மாதக் கட்டணம் எவ்வளவு என்று எழுத்தில் வாங்கிக் கமிட்டி முன் வையுங்கள். பாதிப் பேர் அங்கேயே ஃபேனுக்கு இறங்கி வருவார்கள். அனுபவம்.

நெடுங்காலத் திட்டம் என்ற பெயரில் நடக்கும் இன்னொரு கூத்தையும் சொல்லியாக வேண்டும். கட்டட நிதி என்று வருடாவருடம் வசூல் நடக்கும், தூண் மட்டும் எழும்பிக் கம்பி துருப்பிடித்து நிற்கும். கொடுத்தவர்களில் பலர் கல்லறைத் தோட்டத்துக்கே போயிருப்பார்கள். முடிக்கிற தேதி போடாத எந்தத் திட்டத்துக்கும் நான் ரசீது புத்தகம் அச்சடிக்க விடுவதில்லை.

பதில்: சுயாதீனன்

பெந்தெகொஸ்தே பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. நீங்கள் மூன்று வருடம் என்று அழுகிறீர்கள். எங்களுக்கு எலெக்ஷன் இல்லை, டிரான்ஸ்ஃபர் இல்லை. ஸ்தாபகப் பாஸ்டர் முப்பது வருடம் ஒரே தரிசனத்தோடு ஓட்டலாம். ஓட்டியும் இருக்கிறோம். ஆனால் அவருக்குப் பிறகு யார் என்று கேட்டால் விசுவாசக் குறைவு என்பார்கள், கேட்காவிட்டால் ஒருநாள் காலையில் மகன் மேடையில் நிற்பார். நான் வளர்ந்த சபை அப்படித்தான் இரண்டாக உடைந்தது. சொத்து பாஸ்டர் பெயரிலேயே இருந்ததால் கோர்ட் வரை போனது. மாற்றமே இல்லாத தலைமையும் நெடுங்காலத்துக்கு உத்தரவாதம் இல்லை. எங்களில் சில சபைகள் இப்போது டிரஸ்ட் பதிவு செய்து, மூப்பர்களுக்குப் பதவிக் காலம் வைத்து, பாஸ்டர் எந்த வயதில் விலக வேண்டும் என்றும் எழுதிவைக்கத் தொடங்கியிருக்கின்றன. உங்களிடமிருந்து கற்றதுதான், திட்ட வேண்டாம்.

பதில்: புதுச்செயலர்

எல்லோருக்கும் நன்றி. ஸ்டெல்லா அக்கா, கமிட்டியில் பெண்கள் இரண்டு பேர்தான். கேள்வி எனக்குச் சுருக்கென்று பட்டது. நேற்று பெண்கள் ஐக்கியச் செயலர் அம்மாவைப் பார்த்தேன். பட்டியல் உண்மையிலேயே இருக்கிறது, மனப்பாடமாகச் சொன்னார்கள். கூரை பார்க்க வேண்டிய வீடுகள் ஏழு. அதில் இரண்டு கமிட்டி மெம்பர் ஒருவருடைய தெருவிலேயே இருக்கிறது, அவருக்கே தெரியாது.

நன்கொடைக் குடும்பத்துடன் வீடியோ காலில் பேசினேன். அவர்களுக்கு போர்ட்டிகோவில் ஆர்வமே இல்லை. அப்பா அந்த ஓட்டுப் பள்ளியில்தான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தாராம். இதை யாரும் அவர்களிடம் கேட்கவே இல்லை! கடிதம் அனுப்புகிறோம் என்றிருக்கிறார்கள். அது வந்ததும் ஐயரவர்களிடம் காட்டி, ஃப்ளெக்ஸில் இருக்கிற மூன்றில் விடுதியை மட்டும் எடுத்து இந்த மாலைப் படிப்பு இடத்தை அதன் முதல் படியாகச் சொல்லலாமா என்று கேட்கப்போகிறேன். அவரும் சந்தோஷப்படுவார் என்று நினைக்கிறேன். ஏசி அணியினர் இன்னும் இறங்கவில்லை, மின்வாரியத்தில் லோடு கேட்டு எழுதியிருக்கிறேன்.

கணக்கர் அண்ணன், ஒரு சந்தேகம். அசலைத் தொடக்கூடாது என்று குடும்பம் எழுதினால் பள்ளி ஓட்டை மாற்றப் பணம் எதிலிருந்து எடுப்பது? ஏலப் பணமும் அசன மிச்சமும் ஏழு வீட்டுக்கே சரியாகப் போய்விடும் போலிருக்கிறது.

பதில்: கணக்கர்

கடிதத்தையே இரண்டாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். இவ்வளவு பள்ளிப் பழுதுபார்ப்புக்கு, மீதி மூலநிதி, வட்டி மட்டும் ஊழியர் சம்பளத்துக்கும் பிள்ளைகள் படிப்புக்கும். தொகையை எண்ணிலும் எழுத்திலும் போட வேண்டும். அதற்கு முன் ஒரு கொத்தனாரை அழைத்துப் போய் மரச்சட்டம் உளுத்திருக்கிறதா என்று பாருங்கள். ஓடு மட்டும்தான் என்றால் செலவு நீங்கள் பயப்படுகிற அளவுக்கு வராது. மதிப்பீடு வந்ததும் இங்கே போடுங்கள், தீர்மான வாசகம் நான் எழுதித் தருகிறேன்.